சிறிய சுருள்வில், பெரிய பொறுப்பு

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1927 முதல் 1931 வரை ‘மாடல் ஏ’ என்னும் மகிழுந்தைத் தயாரித்தது. 4.8 மில்லியனுக்கும் மேற்பட்ட மகிழுந்துகள் உருவாயின. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. பாகங்கள் தேயும்போது, உரிமையாளர்கள் மாற்றுப் பாகங்களைத் தேடுகின்றனர். ஸ்டீயரிங் மூட்டில் விலை குறைந்த சுருள்வில்லைப் பொருத்தலாமா? இதற்குச் சோதனைதான் விடை தரும்.

ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, அந்த அசைவு இரும்புத் தண்டுகள் வழியாக முன்சக்கரங்களைச் சென்றடைகிறது. தண்டுகள் இணையும் இடங்களில் குண்டு வடிவ மூட்டுகள் உள்ளன. தண்டின் முனைக்குள் இருக்கும் சிறிய எஃகுச் சுருள்வில், அந்தக் குண்டை எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கிறது. மூட்டு சற்றுத் தேய்ந்தாலும் இடைவெளி ஏற்படாமல் காக்கிறது; சாலையின் அதிர்வுகளையும் தாங்கிக்கொள்கிறது. தேருக்கு அச்சாணி போன்றது அது. சுருள்வில் தளர்ந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் சக்கரம் உடனே திரும்பாது. அது அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தாலோ, ஸ்டீயரிங்கைத் திருப்புவது கடினமாகும். மூட்டும் விரைவில் தேயும்.

எனவே, மாற்றுச் சுருள்வில்லின் நீளம், விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பியின் தடிமன் ஆகியவற்றை முதலில் அளக்க வேண்டும். இவற்றுள் கம்பியின் தடிமன் மிக முக்கியமானது. மற்ற அளவுகள் மாறாமல் தடிமன் மட்டும் 10 விழுக்காடு கூடினால், விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடிவிடும்.

அடுத்தது விசைச் சோதனை. சுருள்வில் நீளும் அளவுக்கேற்ப அதன் விசையும் கூடும் என்பதை இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டில் விளக்கினார். அழுத்தும்போதும் இவ்விதி பொருந்தும். எடைபார்க்கும் கருவியின் மீது சுருள்வில்லை நிறுத்தி, மூட்டுக்குள் அது இருக்க வேண்டிய நீளத்திற்கு அழுத்தி, கருவி காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, புதிய அசல் சுருள்வில்லுடன் ஒப்பிட வேண்டும். வண்டியிலிருந்து கழற்றிய பழையது ஏற்கெனவே தளர்ந்திருக்கக்கூடும். அதனால் அது ஒப்பீட்டுக்கு உதவாது.

இத்துடன் சோதனை முடிந்துவிடுவதில்லை. எஃகு வகைகள் பலவாயினும் அவற்றின் விறைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, ஒரே அளவுள்ள மலிவான சுருள்வில்லும் தரமானதும் தொடக்கத்தில் ஒரே விசையைக் காட்டலாம். வேறுபாடு, மீண்டு வரும் தன்மையில்தான் உள்ளது. கரிமம் மிகுந்த, முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு பழைய நிலைக்குத் திரும்பும். சாதாரண எஃகோ, வளைத்த காகிதக் கவ்வியைப் போல் வளைந்தபடியே நின்றுவிடும்.

இதனைக் கண்டறிய, சுருள்வில்லை முழுவதுமாக அழுத்தி, ஓர் இரவு அப்படியே வைத்து, விடுவித்தபின் நீளத்தை அளக்க வேண்டும். முதன்முறை சற்றே குறைவது இயல்பு. ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போனால், அது தகுதியற்றது. பின்னர், இயந்திரத்தின் உதவியால் ஆயிரக்கணக்கான முறை அழுத்தி, விரிசல் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விலை குறைவு என்பதற்காக ஒரு பாகத்தை ஒதுக்க வேண்டியதில்லை; பொருந்துகிறது என்பதற்காக உடனே நம்பிவிடவும் கூடாது. ஓட்டுநரின் உயிரோடு சாலையில் செல்லும் மற்றவர்களின் உயிரும் அதைச் சார்ந்துள்ளது. ஆதலால், எல்லாச் சோதனைகளிலும் தேறிய சுருள்வில்லையே பொருத்த வேண்டும்.