நடக்கத் தெரிந்த மகளை நாற்காலியில் முடக்கிய தாய்!

ஊர் மெச்சிய "பாசம்" கொலையில் முடிந்த கதை

அமெரிக்காவில் மிசவுரி மாநிலம் ஸ்பிரிங்பீல்டு நகரில் 2015-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு கொலை நடந்தது. செத்தது தாய். தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டது, எழுந்து நிற்கவே முடியாதவள் என்று ஊரே நம்பிய மகள்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

டீடீ பிளான்சார்டு (வயது 48) கணவரைப் பிரிந்தவள். லூசியானாவில் 2005-ம் ஆண்டு கத்ரினா புயலில் வீடு வாசலை இழந்து, ஒரே மகள் ஜிப்சி ரோசுடன் மிசவுரிக்கு வந்தாள். தர்ம ஸ்தாபனம் ஒன்று வீடு கட்டிக் கொடுத்தது.

"மகளுக்கு ரத்தப் புற்றுநோய், காக்காய் வலிப்பு, தசை நோய். புத்தியும் 7 வயசுக் குழந்தை புத்திதான்" என்பது தாயின் பேச்சு. மகளோ மொட்டைத் தலையும், வயிற்றில் உணவுக் குழாயுமாக சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பாள். பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நன்கொடை, டிஸ்னி சுற்றுலா எல்லாம் தேடி வந்தன. பெத்தவள்னா இப்படி இருக்கணும் என்று அக்கம்பக்கத்தில் ஒரே புகழ்ச்சி.

கையை அமுக்குவாள்

சொன்ன நோய் எதுவும் அவளுக்குக் கிடையாது! மருந்தால் முடி கொட்டும் என்று சொல்லி மொட்டை அடித்தவளே தாய்தான். வேண்டாத ஆபரேஷன்கள் வேறு. மகளின் வயதைக்கூட குறைத்துச் சொல்லி வந்தாள்.

டாக்டர் முன்னால் மகள் வாயைத் திறந்தால், பிடித்திருந்த கையை தாய் அழுத்துவாளாம். பேசாதே என்று அர்த்தம். வெளியே பார்ப்பவர்களுக்கு அது பாசம்!

2007-ல் ஒரு நரம்பு டாக்டர் சந்தேகப்பட்டு குறிப்பிலும் எழுதி வைத்தார். தாய் அவரிடம் போவதை நிறுத்திக் கொண்டாள். 2009-ல் யாரோ போன் செய்ய, போலீசார் வீட்டுக்கே வந்தனர். தாயின் பேச்சை நம்பித் திரும்பிப் போனார்கள். மகளைத் தனியாக அழைத்து நாலு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

2011-ல் ஜிப்சி ஒருவருடன் ஓடிப் போனாள். தாய் தேடிப் பிடித்துவிட்டாள். கம்ப்யூட்டரை சுத்தியலால் உடைத்து, தன்னைக் கட்டிலோடு கட்டிப் போட்டதாக ஜிப்சி பின்னர் சொன்னாள்.

காதலன் வந்தான்

அடுத்த வருஷம் இன்டர்நெட்டில் விஸ்கான்சின் வாலிபர் நிக்கோலஸ் கோடிஜான் பழக்கமானான். தாய் தூங்கிய பிறகுதான் பேச்சு. 2015 ஜூனில் ஓர் இரவு அவன் வீட்டுக்கு வந்தான். தூங்கிய டீடீயை கத்தியால் குத்திக் கொன்றான். குளியல் அறையில் ஒளிந்திருந்த ஜிப்சி காதைப் பொத்திக் கொண்டாள்.

இருவரும் பஸ் ஏறி விஸ்கான்சின் போனார்கள். தாயின் பேஸ்புக் பக்கத்தில் அவர்களே போட்ட ஒரு வரி, காட்டிக் கொடுத்துவிட்டது. கைதானபோது ஜிப்சிக்கு வயது 23. அவள் தன் காலில் நடந்தாள். உதவி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொண்ட ஜிப்சிக்கு 2016-ல் 10 ஆண்டு ஜெயில். கோடிஜானுக்கு 2019-ல் ஆயுள் தண்டனை, பரோலே கிடையாது.

ஜெயிலுக்குப் போனால் உடம்பு இளைக்கும். ஜிப்சி ஒரே வருஷத்தில் 14 பவுண்டு எடை கூடினாள் என்கிறார் அவளுடைய வக்கீல். அம்மாவோடு இருந்ததைவிட ஜெயிலில் சுதந்திரமாக இருக்கிறேன் என்று டெலிவிஷன் பேட்டியில் அவளே சொன்னாள்.

2023 டிசம்பர் 28-ந்தேதி பரோலில் விடுதலை ஆனாள். 2024 டிசம்பரில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.