அலைமேல் அபயம் – 6: தேடிச் சென்ற கப்பல்கள்

1979ஆம் ஆண்டுக் கோடையில் இத்தாலியக் கடற்படையின் மூன்று கப்பல்கள் தென்சீனக் கடல்வரை பிரயாணம் செய்து, வியட்நாமை விட்டுப் படகேறிய அகதிகள் சுமார் 900 பேரைக் கண்டெடுத்து வெனிஸ் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கிய வரலாற்றைச் சென்ற இதழில் கண்டோம். அதே கடற்படைக்கு, முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, தன் சொந்த வாசலிலேயே அதே கடமை நேர்ந்தது. இம்முறை அது முதலில் தவறிற்று. பிறகு, தவறியதன் பாரம் தாங்காமல், ஓர் அரிய காரியத்தை ஓராண்டுக் காலம் செய்து காட்டிற்று.

சிசிலியைவிட ஆப்பிரிக்கக் கரைக்கே அருகில் கிடக்கும் லாம்பெடூசா என்னும் சிறிய தீவை நோக்கி, லிபியாவின் மிஸ்ராத்தாத் துறையிலிருந்து 500க்கு மேற்பட்ட மக்களை, பெரும்பாலும் எரித்ரியா நாட்டினரை, ஏற்றிக்கொண்டு வந்த ஒரு மீன்பிடிப் படகு, 2013 அக்டோபர் 3ஆம் நாள் விடியற்காலையில், கரைக்கு ஒரு மைல் தூரம்கூட இல்லாத இடத்தில், இயந்திரம் நின்று நீர் புகத் தொடங்கிய நிலையில் தத்தளித்தது. கரையிலுள்ளோர் கண்ணில் பட வேண்டுமென்று கம்பளியொன்றில் எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார்கள், தீ பரவுவதைக் கண்டு அஞ்சியவர்கள் ஒரே பக்கமாக ஒதுங்கினார்கள், படகு கவிழ்ந்தது. 155 பேர் பிழைத்தார்கள். 366 சடலங்கள் கரை சேர்க்கப்பட்டன. முதன்முதலில் அங்கே போய்ச் சேர்ந்து மனிதரைத் தூக்கியெடுத்தவர்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் அல்லர்; இரவைக் கடலில் கழிக்கப் போயிருந்த சில நண்பர்களின் உல்லாசப் படகுதான் அந்த ஓலத்தைக் கேட்டு விரைந்தது.

உலகம் அறிந்தது பெரும்பாலும் இந்த விபத்தையே. ஆனால் எட்டு நாட்கள் கழித்து நடந்ததைத்தான் நாம் அதிகக் கவனத்துடன் ஆராய வேண்டும். ஏனெனில் முதலாவதில் எவருக்கும் முன்கூட்டித் தெரியாது, இரண்டாவதில் தெரிய வேண்டியவர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது. அக்டோபர் 11ஆம் நாள், சிரியாவின் யுத்தத்திலிருந்து தப்பிய குடும்பங்கள் நிறைந்த ஒரு படகு, லிபியக் கரையை விட்டகன்றபின் ஆயுதந்தாங்கிய ரோந்துப் படகொன்றால் சுடப்பட்டு நீர் கசிந்துகொண்டிருந்தபோது, அதிலிருந்த வைத்தியர் ஒருவர் நண்பகல் வேளையில் செயற்கைக்கோள் தொலைபேசி மூலம் ரோமாபுரியிலுள்ள மீட்பு நிலையத்தை அழைத்தார். தாம் இருக்கும் இடத்தைச் சொன்னார். குழந்தைகள் பலர் இருப்பதைச் சொன்னார். படகு மூழ்குகிறதென்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் கடற்பகுதி மால்டாவின் பொறுப்பைச் சேர்ந்தது, அங்கே பேசுங்கள் என்று அவருக்கு விடை கிடைத்தது. படகு இருந்த இடமோ லாம்பெடூசாவுக்கு ஏறத்தாழ 60 கடல் மைல், மால்டாவுக்கு ஏறத்தாழ 120 கடல் மைல். அதைவிட முக்கியமாக, இத்தாலியக் கடற்படையின் ‘லீப்ரா’ என்னும் ரோந்துக் கப்பல் சுமார் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய தொலைவிலேயே நின்றுகொண்டிருந்தது. அதற்கு உடனே ஆணை போகவில்லை. மாலை ஐந்து மணியளவில் படகு கவிழ்ந்தது. அதன் பின்னரே லீப்ரா அங்கே வந்து, மிதந்தவர்களை அள்ளியெடுத்தது. 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் சுமார் 60 பேர் குழந்தைகள்.

லீப்ராவின் மாலுமிகள் அன்றிரவு தண்ணீரில் இறங்கி உழைத்த உழைப்பை எவரும் குறைகூற முடியாது. எட்டக்கூடிய இடத்தில் கப்பல் இருந்தும் அதை ஏவ வேண்டியவர்கள் ஏவவில்லை என்பதே குற்றம். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2021இல் இத்தாலி உயிர்வாழும் உரிமையைக் காக்கத் தவறியதென்று தீர்மானித்தது; ரோமாபுரி நீதிமன்றமோ 2022 டிசம்பரில், அதிகாரிகள் இருவர்மீது வந்த வழக்கைக் காலவரம்பு கடந்துவிட்டதென்று முடித்துவிட்டது. குழந்தைகளை இழந்த பெற்றோருக்குக் கிடைத்த நீதி இவ்வளவே.

இந்த இரு துயரங்களுக்கும் பின், பிரதம மந்திரி என்ரிக்கோ லெட்டாவின் அரசாங்கம் அக்டோபர் 18ஆம் நாள் ‘மாரே நோஸ்ட்ரம்’, அதாவது ‘நம் கடல்’, என்ற பெயரில் ஒரு மீட்புப் பணியைத் தொடங்கிற்று. அதுவரை கப்பல்கள் அழைப்புக்குக் காத்திருந்தன; இனி அவை தேடிச் செல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். லிபியக் கரையை நோக்கி விரிந்த பல்லாயிரம் சதுர மைல் பரப்பில், நாள்தோறும் சுமார் 900 பேர் பணிபுரிய, போர்க்கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் இரவு பகலாகச் சுற்றின. சேனைகளையும் கவச வாகனங்களையும் எதிரியின் கரையில் இறக்குவதற்கென்று கட்டப்பட்ட ‘சான் ஜுஸ்தோ’, ‘சான் மார்கோ’ முதலிய கப்பல்கள் இப்பணிக்கு மிகப் பொருத்தமாக அமைந்தன; அவற்றின் பின்பகுதியைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டால் சிறு படகுகள் நேராகக் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே நுழைந்துவிடலாமாதலால், கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் ஆடும் கயிற்றேணியில் ஏற வேண்டிய அவசியம் இராது.

கடலில் மனிதரைக் காப்பது என்றால் கயிறு எறிந்து இழுப்பது என்று கரையிலிருப்பவர் எண்ணக்கூடும். ஆனால் காப்பாற்ற வருபவரைக் கண்ட கணமே பெரிய அபாயம் பிறக்கிறது. அளவுக்குமேல் ஆள் ஏற்றிய படகில், கப்பல் தெரிந்த பக்கத்துக்கு அனைவரும் எழுந்து பாய்வார்களானால் படகு அப்பக்கமே புரண்டுவிடும். ஆகவே பெரிய கப்பல் சற்றுத் தொலைவில் நின்றுகொள்ள, ரப்பர் படகுகளில் செல்லும் மாலுமிகள் முதலில் கையசைத்து, அமர்ந்திருக்குமாறு சொல்லி, உயிர்காப்புச் சட்டைகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்து அணிவித்த பின்னரே, குழந்தைகளையும் பெண்களையும் முதலில் வைத்து, சிலர் சிலராக இறக்குவார்கள். சிந்திய பெட்ரோல் கடல்நீருடன் கலந்து படகின் அடியில் தேங்குவதால், நடுவே அமர்த்தப்பட்ட பெண்களின் தொடையும் காலும் வெந்து தோலுரிந்திருப்பதைக் கப்பல் வைத்தியர்கள் பன்முறை கண்டார்கள். அடித்தளத்தில் அடைக்கப்பட்டவர்களின் கதி இன்னும் கொடியது. 2014 ஜூன் இறுதியில், சுமார் 600 பேரோடு வந்த ஒரு மீன்பிடிப் படகில் ஏறிய மாலுமிகள், இயந்திரத்துக்கருகே காற்றும் புகாத ஒரு சிறு அறையில் மூச்சடைத்து இறந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடக்கக் கண்டார்கள். படகு பொட்ஸாலோத் துறைக்கு இழுத்துச் செல்லப்பட்டபின் 45 சடலங்கள் வெளியே எடுக்கப்பட்டன. யுத்தத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்ட இளைஞர்கள், யுத்தமில்லாத கடலில் இத்தகைய காட்சிகளைக் கண்டார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

ஓராண்டில் அவ்வாறு காக்கப்பட்டோர் 1,50,000க்கு மேற்பட்டவர்கள். மாதச் செலவு சுமார் 90 லட்சம் யூரோ. அதில் மிகப் பெரும் பங்கை இத்தாலி தனியாகவே சுமந்தது. அவ்வளவு தேடியும் 2014ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலில் 3,000க்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பதும் உண்மை. இதைக் காட்டித்தான் எதிர்ப்பாளர்கள் பேசினார்கள். மீட்புக் கப்பல் உண்டென்று தெரிந்தால் இன்னும் பலர் புறப்படுவார்கள், ஆதலால் இத்தகைய பணிகளுக்குத் தம் அரசாங்கம் ஆதரவு அளிக்காது என்று பிரிட்டிஷ் வெளியுறவு இணை அமைச்சர் ஒருவர் 2014 அக்டோபரில் பிரபுக்கள் சபைக்கு எழுத்துமூலம் தெரிவித்தார். அம்மாத இறுதியில் மாரே நோஸ்ட்ரம் முடிவுக்கு வந்தது. அதற்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கிய ‘டிரைட்டன்’ பணிக்கு மாதம் சுமார் 29 லட்சம் யூரோவே ஒதுக்கப்பட்டது. இத்தாலியக் கரையிலிருந்து 30 கடல் மைலுக்குள் எல்லையைக் காப்பதே அதன் முதல் நோக்கம்.

கப்பல்களைத் திரும்ப அழைத்தால் மக்கள் வரமாட்டார்கள் என்ற அந்த வாதம் அடுத்த சில மாதங்களிலேயே பொய்யாயிற்று. புறப்படுவோர் தொகை குறையவில்லை. இறப்போர் தொகையே உயர்ந்தது. 2015ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் மட்டும் 1,600க்கு மேற்பட்டோர் மூழ்கினர். யுத்தமும் சிறையும் பின்னே நிற்கும்போது, முன்னே மீட்புக் கப்பல் உண்டா இல்லையா என்று கணக்குப் பார்த்துப் பயணத்தை ஒத்திவைக்கும் மனிதர் எத்தனை பேர் இருப்பர்? கடற்படை விலகிய இடத்துக்கு ரோமாபுரி நிலையம் வர்த்தகக் கப்பல்களை அனுப்ப வேண்டியதாயிற்று. உயர்ந்த பக்கச்சுவரும், இருபது சொச்சம் மாலுமிகளும் உடைய சரக்குக் கப்பல்கள் அவை. நூற்றுக்கணக்கானோரைக் கடலிலிருந்து ஏற்றும் பயிற்சி அந்த மாலுமிகளுக்கு இல்லை. ஏப்ரல் 18ஆம் நாள் இரவில் அவ்வாறு உதவிக்கு அனுப்பப்பட்ட ‘கிங் ஜேக்கப்’ என்ற கப்பலை நெருங்கிய மீன்பிடிப் படகு, அதன்மேல் மோதிக் கவிழ்ந்தது. பிழைத்தோர் 28 பேர். மூழ்கியவர் சுமார் 800 பேர்.

தேட வேண்டாமென்று திருப்பி அழைக்கப்பட்ட அதே இத்தாலியக் கடற்படை, 2016இல், சுமார் 370 மீட்டர் ஆழத்தில் கிடந்த அந்தப் படகை மேலே தூக்கி, சிசிலியின் அகுஸ்டாத் தளத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கான செலவு, மாரே நோஸ்ட்ரம் பணியை ஒரு மாதம் நடத்தும் செலவை ஒத்திருந்தது. படகினுள்ளிருந்து எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான சடலங்களை அடையாளம் காணும் வேலையை மிலான் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மருத்துவ நிபுணர் கிறிஸ்தினா கத்தானேயோவும் அவர் தோழர்களும் ஏற்றார்கள். அந்தப் பணியின் முறையையும், அதில் அவர்கள் கண்டவற்றையும் அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)