நல்ல பாக்டீரியாவுக்கும் தீனி வேண்டும்

புதிய தொட்டி, தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனால் பத்தே நாளில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. மலாக்கா நேயர்களே, இந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். மீன் விற்ற கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. மீனைக் கொன்றது பெரும்பாலும் அம்மோனியாதான்.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வெளியாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. இரண்டு வேலையையும் ஒன்றாகவே செய்யும் நைட்ரோஸ்பைரா வகையும் உண்டு என்பது 2015-ஆம் ஆண்டில்தான் தெரிய வந்தது.

இவற்றுக்குத் தீனி என்ன? சர்க்கரையோ கஞ்சித் தண்ணீரோ அல்ல. அவற்றைத் தின்று வளர்பவை வேறு கிருமிகள். அவை நீரிலுள்ள பிராணவாயுவையும் குடித்துவிடும். நமக்கு வேண்டிய பாக்டீரியாவுக்கு அம்மோனியாதான் எரிபொருள். உடல் வளர்க்கும் கரியை அது நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் பாஸ்பேட், மிகச் சிறிதளவு இரும்பு, செம்பு, இவற்றோடு நிறைய பிராணவாயுவும் தேவை. அம்மோனியாவிலுள்ள 1 கிராம் நைட்ரஜனை மாற்றும்போது, சுமார் 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மை செலவாகிவிடும்.

இங்கேதான் மழைநீர் சிக்கல் வருகிறது. 1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றி மாநிலமே தவித்ததை மறக்காதவர்களுக்கு மழைநீரின் அருமை தெரியும். ஆனால் தோட்டத்து லயங்களில் பீப்பாயில் பிடித்த மழைநீரை மட்டும் தொட்டியில் ஊற்றினால், அதில் பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் அநேகமாக இருக்காது. நீர் விரைவில் அமிலமாகும், பி.எச். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். குளோரின் வாடை போகும்வரை காற்று ஓட்டி வைத்த குழாய்நீரைக் கலப்பது நல்லது. நன்கு கழுவிய கெராங் ஓடுகளை ஒரு சிறு பையில் கட்டி வடிகட்டிக்குள் போடலாம். அல்லது மீன் விடுமுன், 100 லிட்டருக்கு ஒரு சிறு கரண்டி சமையல் சோடா சேர்க்கலாம்.

மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகும்போது அம்மோனியா, பாஸ்பேட் இரண்டும் கிடைக்கும். காற்றுப் பம்பு ஓயாமல் ஓடட்டும். நம் ஊர் வெப்பம் இந்த பாக்டீரியாவுக்குப் பிடித்தமானது; ஆனாலும் சில வாரங்கள் பொறுக்கத்தான் வேண்டும். பிள்ளைகள் நச்சரிப்பார்கள், என்ன செய்வது! வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் வளர்ந்ததெல்லாம் செத்துவிடும். தொட்டி நீரிலேயே அலசுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். தீனி போட்டுவரும்போதே இரண்டும் சோதனையில் 0 காட்டினால், முதலில் இரண்டு மூன்று கப்பி மீன்களை மட்டும் விடுங்கள்.