வாகனத்தின் மூச்சுக்குழாய்

மலேசியாவில் 1997-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ போட்டியில் ஆற்றையும் சேற்றையும் கடக்கும் வாகனங்களில், முன்கண்ணாடியின் ஓரமாகக் கூரைவரை உயர்ந்திருக்கும் குழாயைக் காணலாம். அதற்கு ஸ்நோர்கல் என்று பெயர். சிலர் அதைப் புகைபோக்கி என எண்ணுவதுண்டு. உண்மையில், இயந்திரம் அதன் வழியாகத்தான் காற்றை உள்ளிழுக்கிறது. காற்றை அமுக்கலாம்; நீரை அவ்வாறு அமுக்க இயலாது. ஆகவே, ஓடும் இயந்திரத்தின் சிலிண்டருக்குள் நீர் புகுந்தால், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து இயந்திரமே பாழாகிவிடும்.

குழாயைப் பொருத்த, வாகனத்தின் பக்கத் தகட்டில் துளையிட வேண்டும். துளையின் விளிம்பில் சாயம் பூசாவிட்டால் துருப்பிடிக்கும். இணைப்புகளில் சிறு இடைவெளி இருந்தாலும் நீர் உள்ளே நுழையும். காற்று வடிகட்டிப் பெட்டியின் அடியிலுள்ள வடிதுளையை அடைக்கப் பலர் மறந்துவிடுகின்றனர். குழாய் கூரையைத் தொட்டாலும் மின்னிணைப்புகள் தாழ்வாகவே இருக்கின்றன. எனவே, தயாரிப்பாளர் 700 மில்லிமீட்டர் ஆழத்தை எல்லையாகக் குறிப்பிட்டிருந்தால், குழாய் பொருத்தியதால் மட்டும் அவ்வெல்லை கூடிவிடாது.