பாய்லரின் பலம் எங்கே பிறக்கிறது?

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில், செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965-இல் தோன்றிய பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலையில் உருவாகும் பாய்லர்கள், தேசத்தின் பல பாகங்களிலும் உள்ள அனல்மின் நிலையங்களில் இரவும் பகலும் கனன்றுகொண்டிருக்கின்றன. 210 மெகாவாட் மின்சாரத்துக்கு நீராவி தரும் பாய்லர் ஒன்றில், வளைந்தும் மடிந்தும் பல கிலோமீட்டர் ஓடும் குழாய்களை இணைத்து நிற்பவை ஆயிரக்கணக்கான வெல்டிங் மூட்டுகளே. அவற்றுள் ஒன்றில் ஊசிமுனைத் துவாரம் விழுந்தாலும் விபரீதம் அதோடு நிற்பதில்லை. அதன் வழியே சீறிவரும் நீராவி பக்கத்துக் குழாயை அரம்போல் அராவி ஓட்டையாக்க, அது தனக்கு அடுத்ததைத் தாக்க, முடிவில் உலையை அணைத்து, சூடு தணியும்வரை காத்திருந்து, ஆள் உள்ளே இறங்கிப் பழுது பார்த்தாலொழிய மின்சாரம் பிறக்காது.

கனத்த எஃகுத் தகடுகளை வளைத்து இணைத்துச் செய்யும், பாய்லரின் உருளைக் கலமான டிரம்மின் விஷயம் இதனினும் நுட்பமானது. வெல்டிங் ராடின் மேற்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது உறிஞ்சியிருந்தாலும், அந்த நீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உருகிய உலோகத்தினுள் புகுந்து, மூட்டு குளிர்ந்து குறையின்றித் தோன்றிய பிறகு, சில மணி நேரமோ இரண்டொரு நாளோ கழித்து உள்ளுக்குள் விரிசலை உண்டாக்கிவிடும். அதனாலேயே ராடுகளை ஓவனில் வாட்டி, வேலை செய்யும் இடத்திலும் சூடு ஆறாத பெட்டியில் வைத்து, தகட்டையும் முன்னதாகச் சூடேற்றிக்கொண்ட பின்னரே வெல்டர் கையை வைக்கிறார். மூட்டின் அருகே அவருடைய அடையாள முத்திரையும் பதிகிறது.

அப்பால் எக்ஸ்ரே படம், அதன்பின் நீரழுத்தப் பரீட்சை. நீராவியால் அன்றி நீரால் சோதிப்பதற்குக் காரணம், அழுத்தத்தால் அதிகம் சுருங்காத நீர், கலம் பிளந்தாலும் வெடித்துச் சிதறாது என்பதே. ஆயினும் எந்தப் பரீட்சையும் அன்றைய நிலையைத்தான் சொல்லுமேயன்றி, பல வருஷம் உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் உழலப்போகும் எஃகின் ஆயுளுக்கு ஜாமீன் நிற்பதில்லை. அந்த ஆயுள், பரீட்சைக்கு வெகு முன்பே, ராடை வாட்டியவரின் சிரத்தையில் நிர்ணயமாகிவிடுகிறது. ஆகவே, மின்நிலையத்துக்குச் சாதனம் வாங்குவோர் டெண்டர்களின் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு திருப்தியடையாமல், ராடு ஓவனின் பதிவேட்டையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் புரட்டுவது நலம்.