காவிரி நீர் வழக்குகளில் உழவர் உரிமையும் மாநில உரிமையும்

முன்னுரை

தஞ்சைக் காவிரிப் படுகையின் குறுவைச் சாகுபடி, மரபாகச் சூன் 12ஆம் நாள் திறக்கப்படும் மேட்டூர் அணையின் நீரைச் சார்ந்தது. அந்நீரைக் கோரும் உரிமை உழவருடையதா, மாநிலத்துடையதா? இவ்வினாவை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் எவ்வாறு அணுகின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டப் பின்புலம்

அரசமைப்பில் நீர், மாநிலப் பட்டியலின் 17ஆம் பதிவு. எனினும் அது ஒன்றியப் பட்டியலின் 56ஆம் பதிவிற்கு உட்பட்டது. 262ஆம் உறுப்பின்வழி இயற்றப்பட்ட 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான நீர்த் தகராறுகள் சட்டம், இத்தகராறுகளில் நீதிமன்ற அதிகாரத்தை விலக்கியது. ஒரு மாநிலத்தில் வாழ்வோரின் நலன் பாதிக்கப்படுவதும் அச்சட்டப்படி தகராறுக்குக் காரணமாகலாம். ஆயினும் தீர்ப்பாயம் கோரும் தகுதி மாநில அரசுக்கே உண்டு.

உழவர் தொடுத்த வழக்கு

1983இல் தமிழ்நாட்டுக் காவிரிப் பாசன விவசாயிகளின் சங்கம், 32ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக நாடியது. காவிரி நீரில் வழிவழியாகப் பெற்ற பாசன உரிமையே அதன் வாதம். தமிழக அரசு 1986இல் ஒன்றிய அரசிடம் தீர்ப்பாயம் கோரியதுடன் சங்கத்தின் மனுவையும் ஆதரித்தது. தனிச் சங்கம் இவ்வாறு வழக்கிட இயலாது எனக் கர்நாடகம் மறுத்தது. மாநில அரசின் முழு ஆதரவையும் வழக்கு ஏழாண்டுகள் நிலுவையில் இருந்ததையும் சுட்டி, அம்மறுப்பை ஏற்பது வெறும் நுட்பவாதமாகும் என நீதிமன்றம் கருதியது. பேச்சுவார்த்தை பயனளிக்காத நிலையில் ஒரு மாதத்திற்குள் தீர்ப்பாயம் அமைக்குமாறு 1990 மே 4 அன்று ஆணையிட்டது. சூன் 2இல் தீர்ப்பாயம் அமைந்தது. உழவர் தட்டிய கதவு திறந்தது. எனினும் அவர்களது தனி உரிமை குறித்த வினா விடையின்றி நின்றது.

பின்வந்த தீர்ப்புகள்

தமிழகத்திற்கு 205 டி.எம்.சி. வழங்குமாறு 1991 சூனில் தீர்ப்பாயம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதனை முறியடிக்கக் கர்நாடகம் கொணர்ந்த அவசரச் சட்டம், மாநிலச் சட்டமியற்றும் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது என உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் கருத்துரைத்தது. 2007ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பின்மீது மேல்முறையீடுகளை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டென 2016இல் அறிவித்தது. 2018 பிப்ரவரி 16 அன்று, ஆறு தேசியச் சொத்து, எம்மாநிலமும் தனியுரிமை கோர இயலாது எனக் கூறி, தமிழகத்தின் 419 டி.எம்.சி. பங்கினை 404.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75இல் 10 டி.எம்.சி. தமிழகப் படுகையின் நிலத்தடி நீரைக் கணக்கிற்கொண்டு கழிக்கப்பட்டது.

முடிவுரை

இத்தீர்ப்புகள் மாநிலத்தின் தன்னிச்சையைக் கட்டுப்படுத்தின. ஒன்றியத்தின் காலத்தாழ்வை நீக்கின. நீதிமன்றத்தின் அதிகாரத்தை விரித்தன. ஆயின் ஒதுக்கீடுகள் யாவும் மாநிலங்களின் பெயரிலேயே அமைந்தன. வழக்கைத் தொடங்கியவர் உழவர். பங்கினைப் பெற்றது மாநிலம். ஆகவே, கடைமடை உழவரின் நீருரிமை மாநில எல்லைக்குள் எவ்வாறு காக்கப்படுகிறது என்பதே அடுத்து ஆராயப்பட வேண்டியதாகும்.