முதுகுவலிக்குக் கட்டாந்தரைதான் மருந்தா?

இடுப்பு வலிக்கிறது என்று வீட்டில் யாராவது வாய் திறந்து சொல்லிவிட்டால் போதும். "மெத்தையில படுக்காதே, பாயைப் போட்டுத் தரையில படு" என்று பாட்டி முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை ஆலோசனை சொல்ல வந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மருத்துவர்களே பல காலமாகக் கெட்டியான படுக்கையைத்தான் பரிந்துரைத்து வந்தார்கள். படுக்கை பலகை போல இருந்தால் முதுகெலும்பு நேராக இருக்கும் என்பது அன்றைய கணக்கு.

அந்தக் கணக்கு சரிதானா என்று ஸ்பெயின் நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள். பிரான்சிஸ்கோ கோவாக்ஸ் என்பவரின் குழு நடத்திய அந்த ஆய்வு 2003-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரின் வீட்டில் மெத்தையை மாற்றினார்கள். பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. யாருக்கு எது வந்தது என்று அவர்களிடம் சொல்லவில்லை. 90 நாள் கழித்துக் கேட்டபோது, படுக்கையில் இருக்கும்போது வரும் வலி, எழும்போது வரும் வலி, அன்றாட வேலையில் உள்ள சிரமம் ஆகிய மூன்றிலும் நடுத்தர மெத்தைக்காரர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. முதுகெலும்பு நேர்க்கோடு அல்ல. இடுப்புக்கு மேலே உள்நோக்கி வளைந்தும், முதுகின் மேல்பகுதியில் வெளிநோக்கி வளைந்தும் இருக்கிறது. கட்டாந்தரையில் மல்லாந்து படுத்தால் தோளும் பிட்டமும்தான் தரையைத் தொடும். நடுவில் இடுப்புப் பகுதி தாங்குவாரின்றி நிற்கும். ஒருக்களித்துப் படுத்தாலோ தோளிலும் இடுப்பெலும்பிலும் பாரம் முழுவதும் விழுந்து, சற்று நேரத்துக்கொரு முறை புரள வேண்டியிருக்கும். மிகவும் மெதுவான மெத்தையிலும் தொல்லைதான். உடலின் கனமான பகுதி இடுப்பு. அது தொட்டிலில் கிடப்பது போல அமிழ்ந்துவிடும்.

ஆனால் கடைக்காரர் ஒட்டியிருக்கும் 'நடுத்தரம்' என்ற சீட்டை மட்டும் நம்பிப் பயனில்லை. ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் இன்னொரு நிறுவனத்தின் கெட்டியாக இருக்கலாம். 50 கிலோ எடையுள்ள மனைவிக்குப் பலகையாகத் தெரியும் மெத்தை, 95 கிலோ எடையுள்ள கணவருக்குப் பஞ்சாகத் தெரியும். 'ஆர்த்தோபீடிக்' என்ற சொல்லும் அப்படித்தான். அது பெரும்பாலும் வியாபாரச் சொல். எலும்பு மருத்துவர் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் என்று எண்ணிவிடக் கூடாது.

அதனால் தளவாடக் கடைக்குக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போவதே நல்லது. மெத்தையைக் கையால் அழுத்திப் பார்ப்பதிலும், ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதிலும் ஒன்றும் தெரியாது. காலணியைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படித் தூங்குவோமோ அப்படியே 10, 15 நிமிடம் படுத்துப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது. மல்லாந்து படுத்து, இடுப்பின் வளைவுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்கு அதிகக் கெட்டி. நுழையவே மறுத்தால் அதிக மெது. இலேசான பிடிப்போடு நுழைந்தால் ஏறத்தாழச் சரி.

அந்தக் காலத்து இலவம் பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு அடித்தால் மீண்டும் உப்பும். சில ஆண்டுகளில் கட்டி கட்டியாகிவிடும். இன்று கடையில் இருப்பவை பெரும்பாலும் ஸ்பிரிங், ரப்பர், நுரை ஆகிய மூன்று வகைதான். தனித்தனிப் பையில் அடைத்த ஸ்பிரிங் என்றால் ஒருவர் புரளும்போது மற்றவருக்கு அதிர்வு குறைவு. இயற்கை ரப்பர் மெத்தை, பால்மரம் சீவி வாழ்ந்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு அந்நியமல்ல; அமுங்கி உடனே எழும்பும், நன்றாக உழைக்கும், விலையும் கனமும் கூட. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கலாம். 1966-இல் அமெரிக்காவின் நாசா ஆய்வுப் பணியில் பிறந்த 'மெமரி ஃபோம்' உடலின் அச்சை அப்படியே வாங்கிக்கொள்ளும். நமது வெப்பத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் அது உடல் சூட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

காந்த மெத்தை பற்றியும் சொல்லியாக வேண்டும். வீடு தேடி வந்து, இரத்த ஓட்டம் சீராகும், வலி பறந்துவிடும் என்று பல ஆயிரம் ரிங்கிட்டுக்குத் தவணையில் விற்கிறார்கள். காந்தத்தால் வலி குறைகிறதா என்று நடந்த பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை 2007-இல் கனடா மருத்துவச் சங்க இதழில் வந்தது. வலிக்கு அது பயன்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே முடிவு. ஓய்வூதியப் பணத்தை அதில் போடுவதற்கு முன் பெற்றோரைப் பிள்ளைகள் தடுப்பது நல்லது.

வாங்குவதற்கு முன், குற்றவாளி மெத்தைதானா என்று பார்த்துவிடலாம். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ இரண்டு மூன்று நாள் தூங்கியபோது வலி குறைந்திருந்தால் வீட்டு மெத்தையைச் சந்தேகிக்கலாம். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சில நேரம் மெத்தை நன்றாகத்தான் இருக்கும். கட்டிலின் சட்டம் உடைந்திருக்கும். அப்போது ஒரு பலகை போதும். மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையும், ஒருக்களித்துப் படுப்பவர் இரு முழங்கால்களுக்கு இடையே ஒன்றும் வைத்துப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

வாங்கும்போது, பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 'சௌகரியமாக இல்லை' என்பது சட்டப்படி குறைபாடு ஆகாது. உண்மையான குறைபாடு என்றால் மலேசியாவில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே பதியலாம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டம், பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாட்டுக்குப் பொதுவாக விற்றவரையே பொறுப்பாக்குகிறது.

மெத்தை மேல் பழி போட்டே நோயை வளர்த்துக்கொள்பவர்களும் உண்டு. 30 வயது இளைஞர் ஒருவருக்குக் காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்துக் கிடக்கிறது, நடமாடினால் குறைகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால், அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். மூன்றாவது மெத்தை வாங்கினாலும் அது தீராது. மூட்டு வாத நிபுணரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி, விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. கால் வலுவிழப்பது, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது என்றால் காலை வரைகூடக் காத்திருக்காமல், அந்த இரவே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.